பதினோராவது கோல்

பதினோராவது கோல் விழுந்தபோது கேலரியில் ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை.

"போதும்மா, விட்டுடு" என்று ஒரு பெண்மணி சத்தமாகவே சொன்னாள். நாலைந்து பேர் கூவினார்கள். சொந்த ஊர்க் கூட்டமே சொந்த டீமைப் பார்த்துக் கூவியது.

கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது.

மேனேஜர் என்றதும், பந்தைக் காலால் தொட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். கால்பந்து சங்கத் தலைவருக்குச் சம்பந்தி. அந்தத் தகுதி ஒன்றே போதுமென்று பெண்கள் அணியை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

பல நாடுகள் கூடும் விளையாட்டு விழா. நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் பெரிய அரங்கம். பெண்கள் கால்பந்துக்கு ஓரத்து மைதானம். எதிரணி ஒரு குட்டித் தீவு. இரண்டு பக்கமும் பேசும் மொழி ஒன்றுதான், அவர்களுடையது கொஞ்சம் இழுவை. டீச்சர், நர்ஸ் என்று எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட வந்தவர்கள்.

இடைவேளைக்குள் ஆறு கோல் வாங்கிவிட்டார்கள். அப்போதே மேனேஜர் கேப்டனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஆறு போதும். பாவம், ஒண்ணுமில்லாத டீம். இனிமே பந்தை உங்களுக்குள்ளயே தட்டிக்கிட்டு நேரத்தை ஓட்டுங்க. பெரிய டீம் பெருந்தன்மையா நடந்துக்கணும்."

கோச் தரையைப் பார்த்தார். கேப்டன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த ஐந்து. அதில் மூன்று அவள் அடித்தது.

ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஈவு இரக்கம் வேண்டாமா சார்?"

"நானே வெட்கப்படறேன்" என்றார் மேனேஜர். "என் பேச்சை மீறிட்டா. நடவடிக்கை எடுப்பேன்."

உள்ளே போகும் வழியில் கேப்டனைப் பிடித்தார்.

"செத்த பாம்பை அடிக்கிறதுல என்னம்மா வீரம்?"

"சார், அவங்கதான்..."

"நீ வாயைத் திறக்காத. செமி ஃபைனல்ல நீ வெளியில உட்காரு. இப்போ என்கூட வந்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு."

போட்டோகிராபர் ஒருவரையும் கூட்டிக்கொண்டார். மன்னிப்பு என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

எதிரணியின் அறைக்குள் அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்துப் போனார். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி முழங்காலில் ஐஸ் கட்டியிருந்தாள். கோல்கீப்பர், அவள் ஊரில் பஸ் கண்டக்டராம், முழங்கை தோல் உரிந்து மருந்து வழிய நின்று, ஒரு பந்தை எப்படிப் பாய்ந்து தள்ளினாள் என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லி முடித்தார்.

"உங்களை அவமானப்படுத்திட்டோம். இந்தப் பொண்ணு சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கோல்கீப்பர் கேப்டனைப் பார்த்தாள். "நீ இவர்கிட்ட சொல்லலையா?"

"சொல்ல விடலக்கா."

"சார், இவகிட்ட கேட்டது நான்தான்" என்றாள் கோல்கீப்பர். "நேத்து சாப்பாட்டுக் கூடத்துல தேடிப் போய்க் கேட்டேன். எத்தனை கோல் விழுந்தாலும் சரி, கடைசி விசில் வரைக்கும் நிஜமா ஆடுன்னு. கையில அடிச்சு சத்தியமே வாங்கினேன்."

"எதுக்கும்மா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும் உங்ககிட்டதான் தோத்தோம். அஞ்சோட நிறுத்திட்டு, பாக்கி நேரம் பூரா அவங்களுக்குள்ளயே பந்தைத் தட்டிக்கிட்டாங்க. நாங்க நடுவுல மாட்டிக்கிட்டு ஓடினோம். கேலரி ஒவ்வொரு தட்டுக்கும் எண்ணி எண்ணிச் சிரிச்சுது."

"அதைப் பேப்பர்ல எல்லாம் பாராட்டி எழுதினாங்களேம்மா" என்றார் மேனேஜர், தன்னை அறியாமல்.

"எழுதினாங்க சார். ஊருக்குப் போய் வேலையில சேர்ந்தா, பஸ்ல ஏறினவங்க எல்லாம், பாவம் பார்த்து விட்டுட்டாங்களாமேன்னு கேட்டாங்க. பதினொரு கோல் வாங்கினவளான்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டு டிக்கெட் கிழிப்பேன். இதுக்கு என்ன பதில் சொல்றது?"

ஐஸ் உருகித் தரையில் சொட்டியது.

"இன்னிக்கு இவ அடிச்சதுல ஒம்பது பந்தைத் தடுத்திருக்கேன் சார். ஒவ்வொண்ணும் நிஜமா அடிச்சது. அதை எடுத்துட்டுப் போயிடாதீங்க."

போட்டோகிராபர் மெதுவாகக் கேட்டார். "கேப்டன் மேல நடவடிக்கைன்னு சொன்னீங்களே சார், செய்தியில போட்டுடலாமா?"

"வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"அப்போ ஒரு படம் மட்டும் எடுத்துக்கறேன். கேப்டன் இப்படி வாங்க. சார், நீங்க நடுவுல நில்லுங்க."

கோல்கீப்பர் கேப்டனின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"அவர் வேண்டாம்பா. அன்னைக்கு அஞ்சோட நிறுத்தச் சொன்ன புண்ணியவான் இவர்தான். நாங்க அழுதுக்கிட்டு இருந்தப்போ நடுவுல வந்து நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டாரு, அது போதும்."