குனிந்த தலைகள்

"நிலைவாசலை வேணும்னேதான் தாழ்வா வெச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் தலை குனிஞ்சாதான் போக முடியும்," என்றான் கந்தன். சுற்றுலா வருபவர்களுக்கு வெள்ளைத் தொப்பி மாட்டிவிட்டு, திருத்தணியின் பழைய வீடுகளை நடந்தே சுற்றிக் காட்டுகிறவன்.

வீட்டுக்காரி சாரதாம்பாளுக்குப் பெருமை. குனிந்து நுழைந்த வெள்ளைத் தொப்பிகளை எண்ணினாள். பதினொன்று. அந்நியர் வந்தால் எண்ணாமல் விடமாட்டாள். மருமகள் வித்யாலக்ஷ்மியை வாசல் தாண்டவே விடமாட்டாள். சாவி எப்போதும் இடுப்பில்தான்.

கூடம், முற்றம், கிணற்றடி எல்லாம் பார்த்துவிட்டு, தொப்பிகள் குனிந்து வெளியேறின. பதினொன்று. கதவைப் பூட்டினாள்.

"வித்யா, காபி கொண்டா."

அடுக்களையிலிருந்து வித்யாவின் பச்சைப் புடவை வந்தது. முகம் வேறு.

"நான் அவ சிநேகிதி சௌமியா, மாமி. என் சுடிதாரையும் தொப்பியையும் போட்டுகினு அவ போயிட்டா. கதவைத் தொறந்தீங்கன்னா நானும் கிளம்புவேன்."