கதவோரத் தரை

“அலுமினியம் எங்கயாச்சும் துருப்பிடிக்குமாடி?”

ஆல்பர்ட் போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழி முந்திரி மரத்தடிக்கு ஓடியது.

சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் நின்றது. முழங்கை நீளம்தான் இருக்கும். கூரையை இன்னும் ஒட்டவில்லை. உள்ளே சீட்டு, பெல்ட்டு, கைப்பிடி எல்லாமே தெரிந்தன.

எப்போதோ அவன்தான் அதைப் பெட்டியோடு வாங்கி வந்தான். பிரிக்கக்கூட இல்லாமல் அலமாரி மேல் போட்டுவிட்டுப் போய்விட்டான். நேற்று அவன் ராணுவத்திலிருந்து லீவில் வந்து இறங்குவதற்குள் அவன் மனைவி நான்சி கூரை தவிர மற்றதை ஒட்டி, வர்ணமும் பூசி முடித்திருந்தாள்.

வருஷா வருஷம் வரதராஜன்பேட்டைக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை செய்கிற கை அவளுடையது. கட்டைவிரல் நகத்தளவு சீட்டுக்குக்கூட ஊசிமுனையால் தையல் வரைந்திருந்தாள்.

புதுசாக இருந்தால் விளையாட்டுச் சாமான் போலிருக்கும் என்று, அதைப் பழசாகவும் ஆக்கியிருந்தாள். அங்கேதான் கெட்டது காரியம். சீட்டின் கால், சுவர், தரை, பார்த்த இடமெல்லாம் செம்பழுப்புத் துரு.

“இது என்ன ஹெலிகாப்டரா, ஆண்டிமடம் மினி பஸ்ஸா?”

“நான் என்ன அதுல ஏறியா பாத்தேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மாத்திடுவோம்.”

அவள் அப்படி அமைதியாகச் சொன்னது அவனுக்கு இன்னும் எரிந்தது.

இதே போன்ற ஒன்று மலைச்சரிவில் விழுந்தபோது அவன் அதற்குள் இருந்தான். கூட இருந்த இரண்டு பேர் எழுந்து வரவில்லை. அன்றைக்கு விடிகிற வரைக்கும் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் நான்சி. இன்னொரு முறை அப்படி உட்கார்ந்தால் தன் உயிரே போய்விடும் என்று அவள் சொன்ன பிறகு, நெற்றிக் கட்டோடு ஏலாக்குறிச்சி மாதாவிடம் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, இனிமேல் பறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

அதன் பிறகு ராணுவ ஸ்டோரில் வேலை. உதிரிபாகம் கேட்கிறவனுக்கு எடுத்துக் கொடுப்பதோடு சரி என்று போனில் சொல்வான். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

“செத்துப் போனவனுங்க உக்காந்த எடம்டி இது. நாடகக் கொட்டாய்க்குத் தட்டி எழுதுற மாதிரி அப்பி வச்சிருக்க!”

துணியை வர்ணம் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துருவைத் துடைத்து எறிந்தான். அவள் இரண்டு நாள் செய்த வேலை ஒரு நிமிஷத்தில் அந்தத் துணிக்குப் போனது. நான்சி தடுக்கவில்லை. வெள்ளி வர்ண டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். மேசை விளக்கையும் இழுத்துச் சாய்த்தாள்.

ஸ்பாஞ்சுத் துண்டைக் கிள்ளி, வெள்ளி வர்ணத்தில் தொட்டு, காகிதத்தில் பாதியை ஒற்றி எடுத்துவிட்டு, சீட்டின் காலடியில் மெல்லத் தட்டினான். பச்சை வர்ணம் உரிந்து உள்ளே இருக்கிற உலோகம் பளிச்சிட்டது போல ஆனது.

“பூட்ஸு ஒரசுற எடத்துல இப்படித்தான் தெரியும். பாத்துக்க.”

“ம்.”

“கைப்பிடில பெயின்ட் போயிடும். ஆனா கருப்படிச்சுக் கெடக்கும். கை அழுக்கு.”

“ம்.”

அடுத்து அவன் கண் கதவோரம் போய் நின்றது. அங்கே மட்டும் தரை ஒரு கீறல்கூட இல்லாமல், கழுவிவிட்ட தட்டு மாதிரி பளபளத்தது. அடங்கிக்கொண்டிருந்த கோபம் திரும்பவும் ஏறிவிட்டது.

“அடியே, மொதல்ல தேயுறதே இந்த எடந்தான்! எறங்குறப்ப ஒருத்தன் கதவத் தொறந்து, முட்டி போட்டு, தலைய வெளிய நீட்டிப் பாக்கணும். வாலு மரத்துல கிரத்துல மாட்டுதான்னு பைலட்டுக்கு அவந்தான் சொல்லணும். அவன் முட்டி படுற எடத்துல பெயின்ட்டுன்னு ஒண்ணு இருக்கவே இருக்காது.”

“எந்த முட்டிங்க?”

“வலதுதான், வேற எது? இடது கால நல்லா ஊணிக்கணும். இல்லன்னா அடிக்கிற காத்துல ஆளே வெளிய போயிடுவான். இதுகூடத் தெரியாம செய்ய வந்துட்டா.”

உப்புத்தாளைத் துளியளவு கிழித்து, பல்குச்சி முனையில் சுற்றி, கதவோரத் தரையை வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தான். தேயத் தேயப் பச்சை மங்கியது. ஓரத்தில் வெள்ளியை ஒற்றி, மேலே ஒரு சிட்டிகை மண் தூளை ஊதினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அதேதான். அச்சு அசல் அந்த இடமேதான். இப்போது யாராவது அங்கே வந்து உட்காரலாம் போலிருந்தது.

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவளைத் திட்டியது கொஞ்சம் அதிகம்தான் என்றுகூடத் தோன்றியது.

“இப்ப பாரு நான்சி, எப்படி இருக்கு!”

பக்கத்தில் அவள் இல்லை.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. காலையில் துவைத்துப் போட்ட துணிகளிலிருந்து அவனுடைய சீருடைப் பேன்ட் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு நான்சி உள்ளே வந்தாள். ஈரம் இன்னும் சொட்டியது. போன லீவு முடிந்து அவன் கிளம்பும்போது, மடிப்புக் கலையாமல் அவளே இஸ்திரி போட்டு அனுப்பிய புதுப் பேன்ட் அது.

ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் அதை விரித்துப் போட்டாள்.

இடது கால், கடையில் எடுத்த கரும்பச்சை கலையாமல் இருந்தது. வலது முட்டி மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, இழை தெரிய வெளுத்துக் கிடந்தது.

அந்த வெளுப்பின் மேல் விரலை வைத்தாள்.

“ஸ்டோர்ல யாருங்க உங்கள முட்டி போடச் சொல்றது?”