மின்னல்கொடியின் ஆட்டம்

மின்னல்கொடி என்ற சொகுசுப் படகு அலையில் ரொம்ப ஆடும். ஆட்டத்தை அடக்க ஒரு கருவி வேண்டுமென்று அது படகுப் பட்டறைக்கு வந்தது. அங்கே மீனுக்கு இருப்பது போன்ற ஒரு பக்கத் துடுப்பும், பெட்டிக்குள் விடாமல் சுழலும் ஒரு கனத்த சக்கரமும் இருந்தன.

"அக்கா, உங்களுக்கு ஓட்டம் அதிகமா, நிற்கிறது அதிகமா?" என்று துடுப்பு கேட்டது. "நீங்க ஓடினாத்தான் என்னால ஆட்டத்தைப் பிடிக்க முடியும்."

"நின்னாலும் நான் பிடிப்பேன்" என்றது சக்கரம்.

பக்கத்தில் ஒரு மீன்பிடி விசைப்படகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. வருஷம் முழுக்க நங்கூரம் போட்டு விருந்து நடத்துவதை அதன் முன்னால் எப்படிச் சொல்வது என்று மின்னல்கொடிக்குக் கூச்சமாக இருந்தது.

"என் பேரைக் கேட்டாலே தெரியலையா? ஓட்டம்தான்!" என்றது மின்னல்கொடி. துடுப்பைப் பொருத்தினார்கள்.

அடுத்த விருந்தில் நங்கூரம் இறங்கியது. ஓர் அலை வந்தது. பாயசம் விருந்தாளியின் மடியில் கொட்டியது.

"என்னத்தைப் பிடிக்கிறே நீ?" என்று மின்னல்கொடி சீறியது.

"கொஞ்சம் ஓடுங்க அக்கா, பிடிக்கிறேன்" என்றது துடுப்பு.

மறுநாளே மின்னல்கொடி பட்டறைக்குத் திரும்பியது.

"வாங்க அக்கா! அப்போ நிற்கிறதுதான் அதிகமா?" என்று சக்கரம் ஆசையாகக் கேட்டது.

விசைப்படகு இன்னும் அங்கேயே நின்றிருந்தது.

"யார் சொன்னது? நான் பெயின்ட் அடிக்க வந்தேன்" என்றது மின்னல்கொடி.

புதுப் பெயின்ட் பளபளக்க அது கடலுக்குப் போய், பழைய இடத்திலேயே நங்கூரம் போட்டது. மேல்தளத்தில் பாயசம் பரிமாறத் தொடங்கினார்கள்.