கடல் எவ்வளவு தூரம்?

"அங்க கடல் எவ்வளவு தூரம்?" என்று உசாந்தி கேட்டதும் றுஸ்திக்கு நிம்மதியாகிவிட்டது.

அவருக்குப் பழகிய கேள்வி இது. சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் காணி வாங்குகிறவர்களும் பெண் கொடுக்கிறவர்களும் பிள்ளையை டியூசனுக்கு அனுப்புகிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அவரே கடற்கரைப் பக்கம் போய் வருசக்கணக்காகிறது.

காத்தான்குடி பிரதான வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்க ஆள் அனுப்புவது தொழில். சண்டை முடிந்ததிலிருந்து மாடிப்படியில் செருப்புக் கழற்ற இடமில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பரீட்சை முடித்த பிள்ளைகள். நிரோசன் அப்படியல்ல. பி.எஸ்ஸி. முடித்து, வங்கியில் அடகுப் பிரிவில் இருக்கிறவர். காதோரம் நரைத்துவிட்டது. செட்டிபாளையத்திலிருந்து மனைவி உசாந்தியோடு வந்திருந்தார்.

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களையும் சேர்க்கிற கல்லூரிகள் மூன்று றுஸ்தியின் கைவசம் இருந்தன. கல்லூரிகளின் விவரப் புத்தகத்தை விரித்து நிரோசனிடம்தான் விளக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தன் பிழை புரிந்து, நாற்காலியை உசாந்தியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். வாவிக்கரையில் இருந்ததால் சுனாமிக்குத் தப்பிய உசாந்தியின் சீதன வீட்டை விற்றுத்தான் புருசன் படிக்க வேண்டும். அவள் தலையாட்டாவிட்டால் அவர் நாளைக்கும் வங்கியில் நகை உரசிப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் நேபாளம். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்றார் றுஸ்தி. தானே மண் போட்டுத் தூர்த்துவிட்டு வந்தவர் மாதிரி அவ்வளவு பெருமை.

உசாந்தி தலையாட்டவில்லை.

அடுத்தது சீனா. நடுச்சீனாவில் ஒரு நகரம். ஒரு பகல் முழுக்க ரயிலில் போனாலும் கடலைக் காண முடியாது.

அதற்கும் இல்லை.

இன்னும் எவ்வளவு தூரம்தான் இந்தப் பெண்ணுக்குக் காணும்? றுஸ்திக்குப் பாவமாக இருந்தது. பேச்சை மாற்ற நிரோசனிடம் திரும்பினார்.

"ஏன் இந்த வயசில டொக்டராகணும் எண்டு இன்டர்வியூவில கேப்பாங்க தம்பி. சுனாமி எண்டு சொல்லுங்க. நல்லா எடுபடும்."

நிரோசன் தன் கைகளைப் பார்த்தபடி "ஓம்" என்றார்.

மிச்சம் இருந்தது பங்களாதேஷ், சிட்டகொங். அதைச் சொல்ல றுஸ்திக்கே வாய் வரவில்லை. கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, புயல் அடிக்கும், வெள்ளம் ஏறும், தோணி கவிழ்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்களைத் தூக்கி வருவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்களுக்கு அது சரிவராது தங்கச்சி" என்று புத்தகத்தை மூடப் போனார்.

உசாந்தி அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"இதுக்கே போகட்டும் நானா" என்றாள், அண்ணனிடம் சொல்வதுபோல.

றுஸ்தி நிரோசனைப் பார்த்தார். அவர் இன்னும் தலை நிமிரவில்லை.

"எங்கட மகளத் தண்ணிக்குள்ளால தூக்கிட்டு வரக்குள்ள மூச்சு இருந்திச்சு" என்றாள் உசாந்தி. "இவருட கையிலதான் கிடந்தாள். ஊரே சுத்தி நிண்டது. என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல."

உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்.

"கடலில்லாத ஊருல அத ஆரு நானா படிச்சுக் குடுப்பாங்க?"

றுஸ்திக்கு வெட்கமாக இருந்தது. சிட்டகொங்குக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். குளிருக்குக் கம்பளி தேவையில்லை என்றும் சொன்னார்.

இன்டர்வியூவைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.