ஓடாத வண்டியின் சத்தம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாலை வெயிலில் நிற்கின்றன. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஒரு வண்டியும் உறுமவில்லை. கடல்காற்றில் சங்கக் கொடிகள் மட்டும் படபடக்கின்றன. "எவனாவது வண்டிய எடுத்தீங்கோ, சாவிய புடுங்கிடுவேன்" என்று காலையில் மைக்கில் கத்தித் தொண்டை கட்டிப்போன டிரெய்லர் உரிமையாளர் சங்கச் செயலாளர் பகலவனின் எதிரே, சாலையோர வீட்டு மதி, வீறிடும் கைக்குழந்தையோடு நிற்கிறாள். "அண்ணே, பொறந்ததுலேர்ந்து லாரி சத்தத்த கேட்டுகினுதான் இது தூங்கும். இப்ப ரோடே செத்துக் கெடக்குது. ஒரே பேஜாரா கீதுண்ணே." பகலவனுக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அழுது வீங்கிய குழந்தையின் கண்களைப் பார்த்ததும் பாதியில் நின்றுபோகிறது. தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகுகிறார். இன்ஜின் குலுங்கி, கனைத்து, தாழ்ந்த ஒரே சுருதியில் நிலைக்கிறது. பக்கத்துக் கண்ணாடியில் வெயில் நடுங்குகிறது. வரிசையின் கோடியிலிருந்து வண்டிக்காரர்கள் ஓடி வருகிறார்கள். "எவன்டா அவன், ஸ்ட்ரைக்க ஒடைக்கிறது?" பகலவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, உதட்டில் விரலை வைக்கிறார். சக்கரம் அசையவில்லை. மதியின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்த சின்னக் கை மெல்ல மெல்ல விரிகிறது.