சீட்டு கிடைக்கும்வரை

சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வில் இப்போதெல்லாம் கற்பனை வழக்குகள் கிடையாது. நிலுவையில் கிடக்கும் நிஜ வழக்கு ஒன்றைப் பெயர்களை மறைத்துத் தருவார்கள். மாணவர் வாதாட, இயந்திரம் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வந்துவிடும்.

ஜெபராணிக்கு இது மூன்றாவது முறை. இதற்கு மேல் எழுத முடியாது. அவளுக்கு வந்தது மாநகராட்சித் தரப்பு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஒரு ஆப்பக்கடை வண்டியை அகற்ற வேண்டும். கடைக்காரப் பெண்ணின் மனுவை இயந்திரம் வாசித்தது.

"என் மகள் வக்கீலுக்குப் படிக்கப் போறா. அவளுக்கு சீட்டு கிடைக்கிற வரைக்கும் கடையை விட்டுவையுங்க ஐயா."

அது ஜெபராணியின் அம்மா நடத்தும் கடை. அம்மா இப்படி எழுதிக் கொடுத்ததை அவளிடம் சொல்லவே இல்லை.

தெரிந்தவர் வழக்கு என்றால் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் தேர்வு போச்சு. வழக்கோ அடுத்த மேசைக்குப் போகும். அங்கே இருப்பவன் மட்டும் அம்மாவை விட்டுவிடுவானா? திரையில் நாற்பது வினாடி மிச்சம் இருந்தது.

அவள் எழவில்லை.

"அந்த அம்மா கேட்பதே மகளுக்கு சீட்டு கிடைக்கும்வரைதான்," என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை."

"வாதம் ஏற்கப்பட்டது," என்றது இயந்திரம்.

வெளியே வந்து முடிவுக்காகக் காத்திருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி ராணி, உனக்கு சீட்டு கெடச்சிட்டாம்ட்டி!" அம்மா சந்தோஷத்தில் கத்தினாள். பின்னால் இரும்புச் சட்டி உருளும் சத்தம் கேட்டது. "கடையத் தூக்க வந்தவங்கதான் சொன்னாங்க."