கழுத்துப் பட்டை

பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் ஏலம் கூவிய திருமலைச்சாமிக்கு, பக்கவாதம் வந்தபின் வாய் குழறிப்போனது. கோவை மறுவாழ்வு மையத்தில் கைகால் பயிற்சியோடு, அவர் கழுத்தில் ஒரு பட்டையையும் மாட்டினார்கள். பழைய ஏலப் பதிவுகளிலிருந்து எடுத்த அவருடைய கணீர்க் குரலில் அது அவருக்காகப் பேசியது.

யாராவது மையத்தைப் பார்க்க வந்தால், "இங்க ராஜா மாதிரி பாத்துக்கறாங்க!" என்றது. வலியில் அவர் பல்லைக் கடிக்கும்போதும் அதையேதான் சொன்னது. அவர் சொல்ல நினைத்தது அதுவல்ல.

மனைவி மரகதவல்லி அழைத்துப்போக வந்தாள். "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரேன் அம்மிணி" என்றது பட்டை. அவள் சரியென்று தலையாட்டிக் கிளம்ப எழுந்தாள்.

திருமலைச்சாமி நல்ல கையால் பட்டையைப் பிய்த்து அவள் காலடியில் வீசினார். எச்சில் வழிய, முகம் கோண, "வூ... வூட்டுக்கு" என்றார்.

அவள் திகைத்துப் பட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, அப்ப இத்தன நாளா ராத்திரியில போன்ல எங்கூடப் பேசுனது ஆரு?"

அவர் தலைகுனிந்தார். கையிலிருந்த பட்டை கொஞ்சலாகச் சொன்னது: "நாந்தான் அம்மிணி."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைக் கட்டிலடியில் இருந்த எச்சில் கிண்ணத்துக்குள் விட்டெறிந்தாள். கையைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பிறகு அதே கையால் அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு, "எந்திரிங்க, போலாம்" என்றாள்.